நடுவில் இருக்கிற மிதி

ஆரணியில் பவர் ஸ்டேரிங் வைத்த பழைய சீமைக் கார் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது. முன் சக்கரம் இரண்டிலும் டிஸ்க் பிரேக், பிரேக்குக்கு பூஸ்டர், ஒரே விரலில் சுற்றுகிற ஸ்டேரிங். அந்த வண்டியைச் செய்த வெள்ளைக்காரனுக்குத் தோன்றாததெல்லாம் எனக்குத் தோன்றியது. அஞ்சாங் கிளாஸ் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு முள்ளிப்பட்டில் தறிக்குழிக்குள் காலை இறக்கியவன் நான். இன்றைக்கு எழுபத்திரண்டு தறிகள் நான் கொடுக்கிற பாவு நூலை நெய்கின்றன. யார் தயவும் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

ஆனால் அந்தக் காரை நான் ஓட்டுவதில்லை. கேட்கிறவர்களிடம் முட்டிவலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முட்டியில் ஒரு கேடும் இல்லை. நடந்தது வேறு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கார் முன்பு ஒரு பட்டு முதலாளியுடையது. அவரும் என்னைப் போலத் தறியில் கிடந்து மேலே வந்தவர்தான். ஆனால் எனக்கு முப்பது வருஷம் முன்னால் வந்துவிட்டார். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில், நானும் என் வீட்டுக்காரியும் தேவிகாபுரம் கோயிலுக்குப் போன பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். அப்போது இந்தக் கார் வந்து நின்றது. பின் சீட்டு முழுக்கக் காலி. அவர் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். வெள்ளை வேட்டி கட்டிய இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "இதே வண்டில உன்ன உக்கார வெச்சி இந்தக் கோயிலுக்குக் கூட்டினு வரேன்" என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அவர் செத்தது அந்த வண்டியில். வயது எழுபது இருக்கும் அப்போது. தேவிகாபுரத்திலிருந்து பட்டப்பகலில் திரும்பி வரும்போது, ஏரிக்கரை வளைவில் வண்டி இடது பக்கம் திரும்பி, கரையை விட்டு இறங்கி, தண்ணீரில் போய் நின்றது. ஆழம் ஒன்றும் இல்லை. சீட்டு நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். மாரடைப்பு என்றார்கள். ஆட்கள் போய்க் கதவைத் திறந்தபோது இரண்டு கையும் ஸ்டேரிங்கில் இருந்ததாம். பிரேக் போய்விட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் வேறு ஒன்று சொன்னாள். "வண்டி உர்ருனு கத்தும், அடங்கும். மறுபடி கத்தும், மறுபடி அடங்கும். மூச்சு வாங்கற மாதிரி கத்திகினே எறங்கிச்சி." அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் வண்டியைத் தூக்கி, காயவைத்து, ஒரு தகரக் கொட்டகையில் விட்டார்கள். இருபது வருஷம் அங்கேயே நின்றது. போன வருஷம் அவருடைய மகனிடமிருந்து நான் வாங்கினேன்.

கொட்டகையில் முதல்முதலாக அதில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டேரிங் வட்டம் கறுப்பு, கெட்டியான பழைய பிளாஸ்டிக். சுற்றிலும் மழமழவென்று இருந்தது. இடது பக்கத்தில் மட்டும், கை வைக்கிற இடத்தில், நாலு விரலும் படிகிற மாதிரி ஒரு தேய்மானம். என் இடது கை அதில் போய் உட்கார்ந்தது. எனக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. சட்டென்று எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை.

வீட்டுக்காரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். தொடவில்லை.

"அந்தாளு செத்த வண்டில என்ன ஏத்தாதீங்க."

"வண்டி இன்னா பண்ணுச்சி? பிரேக்கு போச்சி, அவரு போனாரு."

"அப்ப பிரேக்க மாத்துங்க. ஸ்டேரிங்க மாத்துங்க. மாத்திட்டு நீங்களே ஓட்டிப் பாத்துட்டு வந்து கூப்புடுங்க. தேவிகாபுரத்துக்கு வரேன். இல்லன்னா எனக்கு பஸ்ஸு கீது."

அவ்வளவுதானே என்று நினைத்தேன். காஞ்சிபுரத்துக்காரர்களே பார்த்து வாயைப் பிளந்த புடவையை நெய்து போட்டவன் நான். ஒரு பிரேக் எனக்கு எம்மாத்திரம்?

வேலூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஒரு பாயிடம் வண்டியை விட்டேன். பழைய வண்டி என்றால் அவர் சோறு தண்ணி மறந்துவிடுவார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, "ஜல்தி வேணும்னு மட்டும் சொல்லாதீங்க மொதலாளி. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். போனபோது நாலு சக்கரமும் கழன்று, வண்டி கட்டைமேல் நின்றது. பிரேக் சாமான்களைத் தரையில் சாக்கு விரித்துப் பரப்பி வைத்திருந்தார்.

"மொதலாளி, இது பிரேக்கு போன வண்டின்னு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது பாய்."

"ஊரு சொல்லும். இத பாருங்க." லைனிங் கட்டையை எடுத்துக் காட்டினார். பிஸ்கட் மொத்தத்துக்கு இருந்தது. "பைப்பு எங்கயும் ஒடையல. சிலிண்டர்ல ஒழுகுன தடம் இல்ல. இப்ப ரப்பர் காஞ்சி போயிருக்கு, அது இருவது வருசம் நின்னதுல. அன்னிக்கு இந்த பிரேக்கு புடிச்சிருக்கும். மிதிச்சிருந்தா."

"மிதிச்சிருப்பாரு பாய். மிதிக்காம யாராவது ஏரில எறங்குவாங்களா?"

அவர் என்னை வண்டிப் பக்கம் கூட்டிப் போனார். கதவைத் திறந்து டார்ச் லைட்டை உள்ளே அடித்தார். தரை விரிப்பை எடுத்துப் போட்டிருந்தார். கிளட்ச் மிதியின் தண்டு வளைந்திருந்தது. வலது ஓரத்தில் ஆக்சிலேட்டர் தகடு கீலோடு பிய்ந்து தொங்கியது. இரண்டுக்கும் கீழே தரைத் தகரம் உள்வாங்கிக் குழிந்திருந்தது. ஒரு அடியில் விழுந்த குழி இல்லை. திரும்பத் திரும்ப விழுந்த அடி. இரண்டுக்கும் நடுவில் பிரேக் மிதி நேராக நின்றது. அதன் கீழே தகரம் சமமாக இருந்தது.

"ரெண்டு காலாலயும் மாத்தி மாத்தி மிதிச்சிருக்காரு. கிளச்ச ஒரு மிதி, ஆக்சிலேட்டர ஒரு மிதி. நடுவுல கீறத தொடவேயில்ல. இருவத்தஞ்சி வருசமா இந்த வேல பாக்கறேன், இப்டி ஒண்ணு பாத்ததில்ல. எதுக்கு மொதலாளி ஒரு மனுசன் அப்டி மிதிப்பான்?"

எனக்குத் தெரிந்தது. பார்த்த உடனே தெரிந்தது.

குழித்தறியில் மிதி இரண்டுதான். இடது, வலது. ஒன்றை அமுக்கினால் இழைகள் பிரியும், நடுவே ஊடை நூலோடு நாடா ஓடும், அடுத்ததை அமுக்கவேண்டும். வலது கை நாடாக் கயிற்றை இழுக்கும். இடது கை, ஓடிய நூலை இறுக்கும் பலகையைத் தன் பக்கம் இழுத்து அடிக்கும். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று யாரும் எண்ணுவதில்லை, காலே பார்த்துக்கொள்ளும். வீட்டில் சாவு விழுந்தாலும், குழந்தை அழுதாலும், கண்ணில் தண்ணி வந்தாலும் கால் பாட்டுக்கு அது வேலையைச் செய்யும். நடுவில் மூன்றாவதாக ஒரு மிதி இருக்கிறது என்பது அந்தக் காலுக்குத் தெரியாது.

பயம் வந்த நேரத்தில் அவர் கால் தறிக்குப் போய்விட்டது. கையும் போய்விட்டது. இடது கை பலகையை இழுக்கிறமாதிரி ஸ்டேரிங்கை இழுத்திருக்கிறது. வண்டி இடது பக்கம்தானே இறங்கியது.

"தெரியலயே பாய்" என்றேன். "நீங்க வேலைய பாருங்க."

எனக்கு என் மேல் நம்பிக்கை இருந்தது. நான் தறியை விட்டு முப்பது வருஷம். நானே கார் ஓட்டுகிறவன். ஓட்டக் கற்ற நாளிலிருந்து ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் கிளட்ச் வண்டி லைசென்ஸுக்குக் கற்றதோடு சரி, அப்புறம் நான் ஓட்டியது கியர் இல்லாத வண்டி, கிளட்ச் கிடையாது. வலது காலுக்கு மட்டும்தான் அதில் வேலை. இடது கால் சும்மா கிடக்கும். அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

வேலை இரண்டு மாதம் நடந்தது. பாய் எஞ்சினையும் வளைந்த மிதிகளையும் சரிசெய்தார், முன் சக்கரத்து டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டார். டிஸ்கைக் கவ்வுகிற காலிப்பர் உட்காரத் தாங்கியை அவரே கடைசல் மிஷினில் செய்தார். மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறை உள்ளது. ஒன்றில் ஆயில் போனாலும் மற்றது பிடிக்கும். ஸ்டேரிங்குக்கு, விபத்தில் நொறுங்கிய ஒரு சின்னக் காரிலிருந்து மோட்டாரோடு தண்டைக் கொண்டுவந்து பொருத்தினார். முன்பு அந்த ஸ்டேரிங்கில் ஒரு சாண் ஆட்டம் இருந்தது, திருப்ப இரண்டு தோளும் வேண்டும். இப்போது குழந்தை தொட்டால் திரும்பும். வட்டத்தை மட்டும் மாற்றவேண்டாம் என்றேன். அழகுக்காகச் சொன்னேன் என்றுதான் பாயும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பிரேக் பைப்பில் காற்று எடுக்கிற நாள் நானும் ஷெட்டில் இருந்தேன். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்கவேண்டும், இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் படுத்து ஆணியைத் திறந்து மூடவேண்டும். நான் ஏறி உட்கார்ந்தேன். பாய் பின் சக்கரத்தின் கீழே போய்ப் படுத்தார். எஞ்சின் ஓடவில்லை.

"மிதிங்க… புடிங்க… வுடுங்க. மிதிங்க… புடிங்க… வுடுங்க."

வெளியே நல்ல வெயில். ரோட்டில் களம்பூர் பக்கம் போகிற நெல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பாயின் குரல் ஒரே சீராக வந்தது. இருபது தடவை மிதித்திருப்பேன். எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன், எதை என்று நினைவில்லை. திடீரென்று குரல் நின்றது.

"மொதலாளி, உள்ள கூட யாரு கீறாங்க?"

"யாருமில்லயே."

"கிளச்சு கத்துதே. ரெண்டு மிதி சத்தம் கேக்குது. யாரோ கூடவே மிதிக்கிறாங்க."

குனிந்து பார்த்தேன். என் இடது கால் கிளட்ச்மேல் இருந்தது. நான் பார்க்கும்போதே அது ஒரு தடவை போய்வந்தது. வலது கால் இறங்கியது. மறுபடி இடது. நான் மிதிக்கவில்லை. என் கால் மிதித்துக்கொண்டிருந்தது. தொடையை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கியபிறகுதான் நின்றது.

"தெரியாம கால் பட்டுச்சி பாய்" என்றேன்.

"நல்லா பட்டுச்சி போங்க. நான் பயந்துட்டேன், பழைய மொதலாளி வந்து உக்காந்துட்டாரோன்னு" என்று அவர் கீழிருந்தே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தேவிகாபுரம் போவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்காரி புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். புதன்கிழமை காலையில் பாயை இடது சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். நன்றாகத்தான் ஓட்டினேன். பாய் எங்கெங்கோ பிரேக் போடச் சொன்னார், போட்டேன்; நூல் பிடித்தமாதிரி நேராக நின்றது. "பாத்தீங்களா பாய், யாரு ஓட்றது!" என்றேன். அன்றைக்குக் காற்றிலேயே பறந்தேன்.

ஏரிக்கரைக்கு வந்தபோது மணி பதினொன்று இருக்கும். ஏரி நிறையத் தண்ணீர். நாங்கள் தேவிகாபுரம் வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், அதனால் ஏரி என் இடது பக்கம் இருந்தது. கரையில் ஆளே இல்லை. வளைவில் திரும்பினால், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"பிரேக்கு!" என்று பாய் கத்தினார்.

பிரேக்கைத்தான் மிதித்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எஞ்சின் உர்ரென்று கத்தியது. அடங்கியது. மறுபடி கத்தியது. வண்டி உந்தி உந்திப் போனது. என் வலது கை எதையோ வெடுக்கென்று இழுத்தது, அங்கே கயிறு இல்லை. இடது கை அந்தத் தேய்ந்த இடத்தைப் பிடித்து என் பக்கம் இழுத்தது. பழைய ஸ்டேரிங்காக இருந்தால் ஒரு சாண் ஆட்டத்திலேயே பாதி போயிருக்கும். இது புதுசு, பாய் கைவேலை, கேட்டதை உடனே செய்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் தெரிந்தது. எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நெய்யும்போது வருமே ஒரு நிம்மதி, அது வந்தது. இடது, வலது, இடது, வலது.

பாய் டேஷ்போர்டுக்கு அடியில் குடைப்பிடி மாதிரி இருக்கிற ஹேண்ட் பிரேக்கை ஒரு கையால் இழுத்து, மறு கையால் ஸ்டேரிங்கை வலது பக்கம் தள்ளினார். வண்டி குறுக்கே வழுக்கி, முன் இடது சக்கரம் கரையின் விளிம்பில் புல்மேல் நின்றது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

டிராக்டர்காரன் எதையோ திட்டிவிட்டுப் போனான். அப்புறம் சத்தமே இல்லை. நாணல் அசைகிற சத்தம்கூட இல்லை. அதில் ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டக். டக். டக். டக். பாய் மெதுவாகத் தலையைக் குனிந்து என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எஞ்சின் நின்ற வண்டியில் என் இரண்டு காலும் மிதித்துக்கொண்டிருந்தன. கிளட்ச், ஆக்சிலேட்டர், கிளட்ச், ஆக்சிலேட்டர். நடுவில் அவர் இரண்டு மாதம் உழைத்துப் போட்ட பிரேக்கின் மிதி, புது ரப்பரோடு, அப்படியே நின்றது.

அவர் நிமிர்ந்து கேட்டார்.

"அவருக்கும் தறிதானா மொதலாளி?"

"ஆமாம் பாய்."

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேஜார் புடிச்ச ஆளுங்க நீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் பிரேக்கு போட்டேன். ஸ்டேரிங்கு போட்டேன். கால மாத்தற வேல எனக்குத் தெரியாது. எறங்கி இந்தப் பக்கம் வாங்க."

ஆரணி வரைக்கும் அவர்தான் ஓட்டினார். வண்டி அவர் கையில் பூனைமாதிரி வந்தது.

இரண்டு நாள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பிரேக் போயிருந்தது, மாற்றிவிட்டேன், ஏறு என்று சொன்னால் ஏறியிருப்பாள். ஐம்பது வருஷத்துப் பேச்சு நிறைவேறியிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாங்க, ஓட்டிப் பாத்தீங்களா? எல்லாம் சரியா கீதா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வைத்திருந்த பொய் வரவில்லை. தண்ணீர் தெரிந்த கண்ணாடியோடு, பக்கத்து சீட்டில் அவளும் தெரிந்தாள்.

"வண்டில ஒண்ணுமில்ல" என்றேன். "அன்னிக்கும் ஒண்ணுமில்ல. அவரு பிரேக்கே மிதிக்கல. தறி மிதிச்சிருக்காரு. புதங்கிழம நானும் அதேதான் மிதிச்சேன்."

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். அவள் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"தெனமும்தான் மிதிக்கிறீங்க."

"இன்னா?"

"தூக்கத்துல. தறிய வுட்ட நாள்லேர்ந்து. நீங்க படுத்துக் கண்ண மூடனதும் காலு ஆரம்பிச்சிடும். எனக்கு எங்க தூக்கம்? அதான் அந்த வண்டில ஏத்தாதீங்கன்னேன்."

"ஏன் சொல்லல இத்தினி வருசமா?"

"சொன்னா கேக்கற ஆளா நீங்க? எழுவத்திரண்டு தறிக்கு மொதலாளி. உங்க காலு உங்க பேச்சு கேக்கலன்னு யாரு சொல்றது?"

பாயைக் கூப்பிட்டேன். சலாம் வைத்துவிட்டு ஏறி ஸ்டேரிங்கில் உட்கார்ந்தார். நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்காரப் போனேன். "பின்னாடி வாங்க" என்றாள் அவள். பின் சீட்டில் ஏறினோம். அவள் ஏறும்போது சீட்டை ஒரு தடவை கையால் தட்டினாள், அவ்வளவுதான். ஊரே பார்க்கிறமாதிரி போனோம். பட்டுக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

கோயிலில் கூட்டம் இல்லை. நின்று சாமி பார்த்தோம். திரும்பும்போது ஏரிக்கரை வந்தது. நான் முன்னால் பார்க்காமல் வலது பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தார், ஆனாலும் கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். வளைவில் வண்டி திரும்பத் தொடங்கியதும் தொடைக்குள் ஏதோ புரண்டது. இடது. நான் பல்லைக் கடித்தேன். வலது. இடது.

அவள் ஜன்னல் பக்கம், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி என் முட்டிமேல் வைத்து அமுக்கினாள். அவள் உள்ளங்கையின் கீழே அது போய்வந்துகொண்டிருந்தது. எனக்கு மானம் போகிறமாதிரி இருந்தது. கையைத் தள்ளலாமா என்று நினைத்தேன். அவள் கையை எடுக்கவில்லை. பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே, பாய்க்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இன்னாங்க, எத்தினி முழம் நெய்ஞ்சாச்சி?"

"ஏரி முடியட்டும்" என்றேன். "அளந்து சொல்றேன்."